ராதாபுரம்: 49 ஓட்டுத் தொகுதியில் ஐந்து நாள்

நாள் 1: திங்கள், வள்ளியூர்

விடிவதற்கு முன்பே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டேன். திருநெல்வேலிக்குள் வந்து வண்ணார்பேட்டை செல்லப்பாண்டியன் மேம்பாலத்தைத் தொடும்போது மணி ஒன்பதரை. செல்லப்பாண்டியன் 1962 முதல் 1967 வரை சட்டப்பேரவைத் தலைவராக இருந்தவர். அவருக்கப்புறம் பி.எச்.பாண்டியன், ஆவுடையப்பன், 2021-ல் அப்பாவு. நெல்லைச் சீமைக்கும் அந்த நாற்காலிக்கும் ஏதோ ஒரு உறவு இருக்கிறது. நான் வந்திருப்பது அந்தக் கடைசிப் பெயருக்காக, அவருடைய ராதாபுரம் தொகுதியைப் பார்ப்பதற்காக.

நான் முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவன். பதினோரு தேர்தலில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். விரலில் மை வைத்தேன், பெட்டிக்கு அரக்கு வைத்தேன். பிற்பாடு இயந்திரம் வந்ததும் இரவு எட்டு மணிக்கு மொத்தத்தைப் பார்த்து 17-சி படிவத்தில் எழுதி ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்கினேன். ஆனால் என் சொந்த ஓட்டை அந்தப் பதினோரு முறையும் தபாலில்தான் போட வேண்டியிருந்தது. ஒரு தேர்தலில் தபால் ஓட்டுக் கவர் என் கைக்கு வந்து சேர்ந்தபோது எண்ணிக்கை முடிந்து நான்கு நாள் ஆகிவிட்டது. எந்த மேஜையில் தேங்கிக் கிடந்ததோ தெரியவில்லை. அந்தக் கவரை நான் பிரிக்கவே இல்லை. பீரோவில் இன்றைக்கும் இருக்கிறது.

அதனால்தான் 2016 மே 19 அன்று டி.வி.யில் ராதாபுரம் முடிவு வந்தபோது என்னால் சாப்பிட முடியவில்லை. அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590. தி.மு.க.வின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்ட இடத்தில் 49. அந்த எண்ணை அன்றைக்கு டைரியில் எழுதி வைத்தேன். ஒன்பது வருஷம் கழித்து இந்த 2025 ஆகஸ்டில்தான் அந்த மண்ணை மிதிக்க நேரம் வாய்த்தது.

வள்ளியூர் பஸ்ஸில் கண்டக்டருக்கு நாற்பது வயது இருக்கும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, என் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"நாப்பத்தொம்பது ஓட்டு சார். எங்க அம்மா அன்னைக்கிக் காய்ச்சல்னு பூத்துக்குப் போகல. இன்னைக்கி வரைக்கும் சொல்லிச் சொல்லி மாஞ்சி போவாவ."

"யாருக்குப் போட்டிருப்பாங்க?"

"அது எதுக்கு சார்? போயிருக்கணும்லா."

நாங்குநேரி தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே வந்தது. வள்ளியூரில் இறங்கியபோது காற்று ஆளைத் தள்ளியது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று இது. ஆடி மாசத்தில் இந்தப் பக்கத்தில் குடை விரிக்க முடியாது என்று லாட்ஜ்காரர் சொன்னார். குடையைப் பையிலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம் குகைக்கோயில் முருகனைப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். இரவு முழுக்க ஜன்னல் தாழ்ப்பாள் தட்டிக்கொண்டே இருந்தது.

நாள் 2: செவ்வாய், ராதாபுரம்

வள்ளியூரிலிருந்து ராதாபுரம் அரைமணி நேரப் பயணம். வழி நெடுகக் காற்றாலைகள். பனைமரத்துக்கு மேலே, வீட்டுக் கூரைக்கு மேலே என்று எங்கே பார்த்தாலும் அந்த மூன்று இறக்கைகள். பக்கத்தில் நின்று கேட்டால் ஒவ்வொரு இறக்கையும் இறங்கும்போது துணி துவைக்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. தோட்டங்களில் முருங்கை. ஆனால் மண் வறண்டு கிடக்கிறது.

முதலில் வரகுணபாண்டீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். கூட்டம் இல்லை. பிரகாரத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடையில் இடம் பிடித்தேன். காலை பத்து மணிக்கே அங்கே அரசியல் ஆரம்பமாகியிருந்தது. பெஞ்சில் நாலு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெளியூர் முகம் என்றதும் அவர்களே ஆரம்பித்தார்கள்.

அப்பாவுவின் அரசியல் வாழ்க்கையை அந்தப் பெஞ்சில் கேட்டதுதான் எனக்கு இந்தப் பயணத்தின் முதல் லாபம். புத்தகத்தில் எழுதினால் இப்படி வரும்: பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1996-ல் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் முதல் வெற்றி. 2001-ல் எந்தக் கட்சிச் சின்னமும் இல்லாமல் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 2006-ல் தி.மு.க. 2011-ல் கூட்டணிப் பங்கீட்டில் தொகுதி காங்கிரசுக்குப் போக, தே.மு.தி.க.வின் மைக்கேல் ராயப்பன் ஜெயித்தார். 2016-ல் 49 ஓட்டில் தோல்வி. 2021-ல் அதே இன்பதுரையை எதிர்த்து 5,925 ஓட்டில் வெற்றி, மே 12-ம் தேதி போட்டியில்லாமல் சபாநாயகர்.

பெஞ்சில் அதைச் சொல்லும் விதமே வேறு. சுயேச்சையாக ஜெயித்த 2001-ஐத்தான் எல்லாரும் முதலில் எடுத்தார்கள். "கட்சி பாத்து போட்டதில்ல சார் அது. வீட்டுல ஒரு சாவுன்னா வந்து நிப்பாரு, கல்யாணம்னா வந்து நிப்பாரு" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் உடனே மறுத்தார். "எல்லாரும்தான் நிக்காவ. இன்பதுரையும் நின்னாரு. அவரும் இந்தப் பக்கத்து ஆளுதான, வக்கீலு, பேச்சுக்காரரு. இப்ப ராஜ்ய சபைக்குப் போயிட்டாரு." அது உண்மைதான். 2025 ஜூன் மாதம்தான் இன்பதுரை மாநிலங்களவைக்குப் போட்டியின்றித் தேர்வானார். 49 ஓட்டுக்காக நின்ற இருவரில், நான் போன அன்றைக்கு ஒருவர் சென்னையில் நாற்காலியில், இன்னொருவர் டெல்லியில்.

மூன்றாவது ஆள் அதுவரை பேசாமல் பீடியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது.

"சபாநாயகர் ஆனதுல எங்களுக்குப் பெருமதான். ஆனா ஒண்ணு பாருங்க. மத்த எம்.எல்.ஏ. எல்லாம் எந்திரிச்சி எங்கூருக்கு ரோடு வேணும், தண்ணி வேணும்னு கேப்பாவ. எங்க ஆளு மட்டும் கேக்க முடியாது. மத்தவங்களக் கேக்க விடத்தான் முடியும்."

கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையாக வருகிறது. இவர்கள் அதைப் பார்க்கிறார்கள். தங்கள் எம்.எல்.ஏ. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, "மாண்புமிகு உறுப்பினர்" என்று வேறு ஊர்க்காரரைப் பேச அழைப்பதை இந்தக் கடையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். 2024 பிப்ரவரி 12 அன்று ஆளுநர் உரையைத் தொடக்கத்திலேயே முடித்துக்கொண்டபோது அதன் தமிழாக்கத்தை முழுக்க வாசித்தது அப்பாவுதான். நாடு முழுக்க அவர் குரலைக் கேட்டது. ராதாபுரம் கால்வாய் என்ற சொல்லை அந்தச் சபையில் அவர் எழுந்து நின்று கேள்வியாகக் கேட்க முடியாது. அமைச்சர்களை அறையில் பார்த்துப் பேசலாம், கடிதம் எழுதலாம். இருந்தாலும் இவர்களுக்கு அது காதில் விழவில்லையே. இழுபறித் தொகுதியிலிருந்து போகிற ஒருவருக்கு இது பெரிய பதவி, அதே அளவுக்குப் பெரிய ஆபத்து. ஆவுடையப்பன் 2006 முதல் 2011 வரை சபாநாயகர். அடுத்த தேர்தலில் அம்பாசமுத்திரத்தில் தோற்றார். இதே மாவட்டம்தான்.

மதியத்துக்கு மேல் கால்வாயைப் பார்க்கப் போனேன். ராதாபுரம் கால்வாய்க்குத் தண்ணீர் பக்கத்து ஆற்றிலிருந்து வருவதில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் பிறந்து, தோவாளைக் கால்வாய் வழியாகக் கன்னியாகுமரி மாவட்டத்தைக் கடந்து, நிலப்பாறையில் பிரிந்து இங்கே வருகிறது. 52 குளம், 17,000 ஏக்கர். ஜூன் நடுவில் திறந்து அக்டோபர் கடைசி வரை விடுவது வழக்கம். ஆனால் இது கடைமடை. மேலே எல்லாரும் குடித்து மிச்சம் இருந்தால்தான் இங்கே. நான் நின்ற இடத்தில் கால்வாயின் அடியில் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா இரண்டு ஆடுகளைத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "இந்த வருசம் வந்துட்டு. போன தடவ வாய்க்கா வெட்டி வச்சி வானத்தப் பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். கட்சிப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் சரியாகச் சொன்னார்.

நாள் 3: புதன், இடிந்தகரை, உவரி

ராதாபுரம் ஒரு தொகுதி என்று பட்டியலில் இருக்கிறது. சுற்றிப் பார்த்தால் மூன்று நாடு. பணகுடி, வள்ளியூர் பக்கம் மலையடி, மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதிக்கும் இஸ்ரோ வளாகம். நடுவில் மானாவாரி, காற்றாலை, பனை. தெற்கே கடல். மலையடிக்காரர் கேட்பதைக் கடற்கரைக்காரர் கேட்பதில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஜெயிக்கலாம். ஒன்றில் கொஞ்சம் கை நழுவினாலும் 49 மாதிரி ஒரு எண் வந்து நிற்கும்.

இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன் இப்போது பந்தல் இல்லை. 2011 ஆகஸ்டிலிருந்து வருஷக்கணக்கில் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து ஜனங்கள் உட்கார்ந்திருந்த இடம் இது. கடற்கரையில் நின்றால் மேற்கே அணுமின் நிலையத்தின் கூடுகள் தெரிகின்றன. 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு உலைகள் ஓடுகின்றன, தலா 1,000 மெகாவாட். அடுத்தவற்றின் கட்டுமானம் நடக்கிறது.

போராட்டத்தை நடத்திய சுப.உதயகுமாரன் 2016-ல் இதே ராதாபுரத்தில் வேட்பாளராக நின்றார். விழுந்தது சில ஆயிரம் ஓட்டு. முதல் இருவருக்கும் இடையே இருந்தது 49. அந்தச் சில ஆயிரத்தில் யார் யாருக்குப் போயிருக்கும் என்று ஆளுக்கு ஆள் கணக்குப் போடலாம். நான் போட மாட்டேன். அவர்கள் தங்கள் கடலுக்காகப் போட்ட ஓட்டு அது. இன்னொருவர் கணக்கில் கழித்துப் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

உவரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கப்பல் மாதா கோயில் உண்மையிலேயே கப்பல் வடிவத்தில் இருக்கிறது, மேலே ஒரு விமானமும். சுயம்புலிங்க சுவாமி கோயில் பக்கம் தலைமுடி இறக்கிய குழந்தைகள் மணலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். கடல் பொங்கிக்கொண்டிருந்தது. வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் எம்.எல்.ஏ. வந்தால் என்ன கேட்பீர்கள் என்றேன். தலையைத் தூக்காமல் இரண்டே சொல்லில் பதில் சொன்னார்: "தூண்டில் வளைவு."

கடலுக்குள் கல்லைப் போட்டு வளைவாகக் கட்டும் சுவர் அது. அது இல்லாத இடத்தில் ஒவ்வொரு காற்றுக் காலத்திலும் கடல் ஊருக்குள் ஒரு முழம் வருகிறது. ஒரு ஊருக்குக் கட்டினால் பக்கத்து ஊரில் அரிப்பு கூடுகிறது, அவர்களுக்கும் கட்ட வேண்டும். ஓர் எம்.எல்.ஏ.வுக்கு இந்தக் கரையில் இதைவிடச் சிக்கலான வேலை இருக்க முடியாது என்று தோன்றியது. கல் இறங்கிய ஊரில் ஓட்டு கூடும், இறங்காத ஊரில் குறையும். அவர் ஊசியை எடுத்து வலைக்கண்ணில் கோத்தபடி, "நாங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார்.

நாள் 4: வியாழன், திசையன்விளை

இன்றைக்குத்தான் எனக்கு மிக முக்கியமான நாள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மதுரையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் வழியாக ஒரு டீச்சரின் முகவரி கிடைத்திருந்தது. திசையன்விளைப் பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலில் வேம்பு, திண்ணையில் ஓலைப்பாய். "வாங்க சார், வெயில்ல வந்திருக்கீய" என்று உள்ளே கூட்டிப்போய்க் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். எதற்காக வந்தேன் என்று சொன்னதும் எழுந்து போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார்.

டின்னுக்குள் மூன்று சாமான். மர கைப்பிடி போட்ட ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று, காய்ந்துபோன மைப்பெட்டி ஒன்று, பச்சை மைப் பேனா ஒன்று. ஸ்டாம்பில் "தலைமை ஆசிரியர்" என்ற எழுத்தில் 'லை' பாதி தேய்ந்திருந்தது. கைப்பிடியில் கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருந்தது. அவர் பேனாவை எடுத்து தினத்தாள் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். எழுதவில்லை. நாக்கில் தொட்டு இன்னொரு தடவை கிறுக்கினார். மெல்லிய பச்சைக் கோடு ஒன்று விழுந்தது.

"இந்தக் கையெழுத்த வச்சி எத்தன பிள்ளைய ஸ்காலர்ஷிப் வாங்கியிருக்கு சார். நன்னடத்தைச் சான்று, நகல் சான்று எல்லாம் இதுதான். ஓட்டுக்கு மட்டும் செல்லாதுன்னுட்டாவ."

தபால் ஓட்டு எப்படி நடந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தேர்தல் வேலைக்குப் போகும் ஊழியருக்கு வாக்குச்சீட்டோடு 13-ஏ என்ற உறுதிமொழிப் படிவம் வரும். அதில் ஓட்டுப் போடுகிறவர் கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்து இவருடையதுதான் என்று கெஜட்டட் அதிகாரி ஒருவர் சான்றளிக்க வேண்டும். குறித்த வாக்குச்சீட்டு 13-பி என்ற சின்னக் கவருக்குள் போகும். அந்தச் சின்னக் கவரும் உறுதிமொழியும் சேர்ந்து 13-சி என்ற பெரிய கவருக்குள். எண்ணும் மேஜையில் பெரிய கவரைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது உறுதிமொழியைத்தான். அதில் கையெழுத்து இல்லை, சான்று சரியில்லை, எண் ஒத்துப்போகவில்லை என்றால் சின்னக் கவரைத் திறக்கவே கூடாது. அந்த ஓட்டு யாருக்கு என்று யாருக்கும் தெரியாமலே கட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

ராதாபுரத்தில் 2016-ல் இப்படி ஓரம் கட்டப்பட்டவற்றில் 203 ஓட்டுகள் பெரிய வழக்காயின. சான்றளித்தவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள், அவர்கள் கெஜட்டட் அதிகாரி இல்லை என்பது காரணம். வித்தியாசம் 49. திறக்காத கவர் 203.

அப்பாவு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். முடிவு வந்து 45 நாளுக்குள் தேர்தல் மனு போட வேண்டும் என்பது சட்டம். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன் தீர்ப்பு தந்தது 2019 அக்டோபர் 1. மூன்று வருஷமும் நாலு மாசமும் போயிருந்தன. தபால் ஓட்டுகளையும், இயந்திரத்தில் 19, 20, 21-ம் சுற்று ஓட்டுகளையும் மறுபடி எண்ணச் சொன்னார். அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அதே நாள் உச்ச நீதிமன்றம், எண்ணலாம், ஆனால் முடிவை அறிவிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2021 தேர்தல் வந்து பேரவையின் ஆயுள் முடியும் வரைக்கும் அந்த எண் வெளியே வரவில்லை.

டீச்சர் டின்னை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"கோர்ட்டுல எண்ணுனாவளே, அப்ப அந்தச் சின்னக் கவரெல்லாம் பிரிச்சிருப்பாவதானே சார்?"

"பிரித்திருப்பார்கள் டீச்சர். எண்ணினார்களே."

"சரி, அது போதும். யாரு ஜெயிச்சாவங்கிறது வேற. பிரிச்சாவளா இல்லையாங்கிறதுதான் எனக்கு."

எனக்குத் தொண்டையை அடைத்தது. பீரோவில் பிரிக்காமல் வைத்திருக்கும் என் கவர் கண் முன்னால் வந்து நின்றது.

இன்பதுரை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேர்தல் அலுவலர் வெற்றி என்று சான்றிதழ் கொடுத்தார், அவர் ஐந்து வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்தார். சந்தேகத்தின் நிழலிலேயே ஐந்து வருஷம் உட்கார வைத்தது அவருக்கும் நியாயம் இல்லை. அப்பாவுவும் ஐந்து வருஷம் கோர்ட் வாசலில் நின்றார். வாத்தியாராக இருந்தவர், வாத்தியார்களின் கையெழுத்துக்காக நின்றார் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் இருவரையும் விட அதிகம் இழந்தவர்கள், தேர்தல் வேலைக்குப் போய் மற்றவர்கள் ஓட்டைக் காபந்து செய்துவிட்டுத் தங்கள் ஓட்டைத் தபாலில் போட்ட அந்த 203 பேர். அன்றைக்கே, அந்த எண்ணும் மேஜையிலேயே, தலைமை ஆசிரியர் கெஜட்டட்டா இல்லையா என்று சரியாகப் பார்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

ஒரு நல்ல செய்தி. வெற்றி வித்தியாசம், தள்ளிவைத்த தபால் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அந்த ஓட்டுகளை எல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று இப்போது தேர்தல் ஆணையத்தின் விதி இருக்கிறது. 2020-ல் பீகாரின் ஹில்சா தொகுதியில் வித்தியாசம் வெறும் 12. அங்கே தள்ளிவைத்த 182 தபால் ஓட்டுகளை அன்றைக்கே மறுபடி பார்த்தார்கள். இதை நான் சொன்னபோது டீச்சர் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். "அன்னைக்கேயா? அன்னைக்கேயா பாத்தாவ?" என்று.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். தேர்தல் வந்தால் யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கண்டக்டர் சொன்னது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

நாள் 5: வெள்ளி, எம்.எல். தேரி, திரும்பும் வழி

காலையில் ஒரு ஆட்டோ பேசிக்கொண்டு எம்.எல். தேரிப் பக்கம் போனேன். சிவப்பு மணல், கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகிறது. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய் முடிகிற இடம் இதுதான். தாமிரபரணியில் வீணாகக் கடலுக்குப் போகும் வெள்ளத்தைக் கன்னடியன் கால்வாயிலிருந்து எடுத்து எழுபத்தைந்து கிலோமீட்டர் கொண்டுவரும் வேலை. 2009-ல் தொடங்கியது. அப்போது மதிப்பு 369 கோடி ரூபாய். முடிந்து முதலமைச்சர் திறந்து வைத்தது இந்த 2025 பிப்ரவரியில். செலவு ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. இடையில் இந்தத் தொகுதியில் நான்கு எம்.எல்.ஏ. காலம். 2009-ல் அப்பாவு, அப்புறம் மைக்கேல் ராயப்பன், இன்பதுரை, மறுபடி அப்பாவு. ஒரு கால்வாய்க்கு ஒரு ஐந்து வருஷம் போதாது. ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வருவோமா என்று தெரியாத ஒருவர், பதினாறு வருஷம் ஆகிற வேலையைக் கையில் எடுப்பதற்கு மனசு பெரிதாக இருக்க வேண்டும். வந்தவர் எல்லாரும் அதைத் தொடர்ந்தார்களா என்பதைத்தான் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கால்வாய் காய்ந்து கிடந்தது. அது வெள்ளநீர்க் கால்வாய், ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் வேலை. கரையில் ஆட்டோக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கி, பக்கச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் கட்டியிருக்காவ. தண்ணி வரட்டும், பாப்போம்" என்றார்.

மதியம் வள்ளியூர் வந்து நெல்லை பஸ் பிடித்தேன். இலவசப் பயணத்தில் வந்த பெண்கள் கூட்டம் டவுன் பஸ்ஸில் பிதுங்கியது, நான் ஏறிய வண்டியில் ஜன்னல் இடமே கிடைத்தது. நாங்குநேரி தாண்டியதும் மகளுக்குப் போன் போட்டேன். அவளும் ஆசிரியைதான். 2026-ல் சட்டப்பேரவைத் தேர்தல், அவளுக்கு எப்படியும் டியூட்டி வரும் என்று நினைத்தேன்.

"அம்மா, 13-ஏ வந்தா சான்று போடுறவங்க பதவிய முதல்ல பாரு. சீல் தெளிவா விழுந்திருக்கான்னு பாரு. சீட்டு நம்பரும் படிவ நம்பரும் ஒண்ணா இருக்கான்னு..."

"அப்பா, இப்பல்லாம் தபால்ல அனுப்ப வேண்டாம்ப்பா. பயிற்சி நடக்கிற மையத்துலயே போட்டுடணும். அங்கயே அதிகாரி உட்கார்ந்து சான்று போட்டுத் தர்றாங்க. போன வருஷம் அப்படித்தான் போட்டேன்."

"அங்கயேவா?"

"அங்கயேதான். பெட்டியில நானே போட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

இன்னும் இல்லை என்றேன். பஸ் நெல்லைக்குப் போனதும் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தக் கண்டக்டரின் அம்மாவுக்கு அடுத்த தேர்தலில் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.